வில் இல்லாத வேட்டைக்காரன்

திருக்கோவையாரின் நானூறு பாட்டும் தில்லைக் கூத்தனை உள்ளே வைத்துப் பாடியவை என்பது நீங்கள் கேட்டதுதான். இப்போது மேடையேறுகிறவர்கள் அதில் எதைத் தொட்டாலும் தத்துவமாக்கிவிடுகிறார்கள். தலைவன் என்றால் உயிர், மான் என்றால் மாயை! மெய்கண்டார் பிறந்த பெண்ணாடத்துக்காரன் நான்; சித்தாந்தம் எனக்குப் பகை இல்லை. ஆனாலும் சொல்கிறேன், மான் முதலில் மானாக இருக்கட்டும்.

திருக்கோவையாரில் 'கலைமான் வினாதல்' என்று ஒரு துறை. தினைப்புனத்தில் தலைவியும் தோழியும் இருக்கிறார்கள். தலைவன் வந்து, அம்பு தைத்த புண்ணோடு ஒரு கலைமான் இப்பக்கம் வந்ததா என்று கேட்கிறான். எப்படிப்பட்ட அம்பு? உங்கள் கண்ணைப் போன்ற அம்பாம்!

வெள்ளாற்றங்கரையில் ஒரு மாலை இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முன்பு காட்டுக்குப் போய்வந்த பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். "தம்பி, மான் அடிச்சவன் பொண்ணு மூஞ்சியையா பார்ப்பான்? தரையைப் பார்ப்பான்" என்றார்.

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. அடிபட்ட மானை உடனே துரத்தக் கூடாது. துரத்தினால் ஓடிக்கொண்டே இருக்கும். விட்டுவிட்டால் கொஞ்ச தூரத்தில் படுத்துவிடும். அம்பு பட்ட இடத்தில் குனிந்து ரத்தத்தைப் பார்க்க வேண்டும். வெளுத்த சிவப்பில் நுரை இருந்தால் நுரையீரல். மான் பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், காத்திருக்க வேண்டும். பச்சையாக, மென்ற புல்லோடு நாறினால் குடல். நெடுநேரம் காத்திருக்க வேண்டும். சொட்டு தரையில் மட்டும் இருக்காது, விலா உரசிய இலையிலும் இருக்கும். சொட்டு நின்றுபோனால் கடைசிச் சொட்டில் ஒரு ஆளை நிறுத்திவிட்டு, மற்றவர் சுற்றித் தேட வேண்டும்.

தரையைப் பார்ப்பான். திரும்பவும் சொல்கிறேன், மான் அடித்தவன் தரையைப் பார்ப்பான். நம் தலைவனோ ஒரு சொட்டைக்கூடக் குனிந்து பார்க்கவில்லை. இது தெரிந்தால்தான் அந்தப் பாட்டில் சிரிப்பு வரும். தத்துவக்காரர்கள் அந்தச் சிரிப்பைத்தான் தொலைத்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தவள் தோழிதான். அடுத்த அதிகாரத்தில் வரும் 'ஐயுறுதல்' பாட்டில் அவள் அவனையே தடம் பார்க்கிறாள். யானை என்கிறான், பன்றி என்கிறான். கையில் வில்லைக் காணோம், தழை இருக்கிறது. வேட்டை பற்றிய பேச்சில் மெய்யான சொல் ஒன்றுகூட இல்லை. புனத்தை விட்டு நகரவும் மாட்டேன் என்கிறான். காட்டுக்குப் போன கண் அவளுக்குத்தான் இருக்கிறது!

இந்த இரண்டு பாட்டையும் பேராசிரியர் உரையோடு அடுத்தடுத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இடையில் வழி கேட்பது, ஊர் கேட்பது, பேர் கேட்பதெல்லாம் வரும். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அவற்றில் அவ்வளவு ருசி இல்லை.