மகப்பேற்றுக் கால மனச்சோர்வும் உழைக்கும் பெண்களும்

(மும்பை தாதரில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



பிள்ளை பெற்றவள் உண்ணாமல், உறங்காமல் அழுதுகொண்டிருந்தால் நம் குடும்பங்களில் இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று காற்றுக் கருப்பு, மற்றொன்று செல்லம். பிரசவத்தையடுத்த சில நாட்களில் தோன்றி இரண்டு வாரத்திற்குள் தானே அடங்கும் மனக்கலக்கம் வேறு. வாரக்கணக்கில் நீடித்து, குழந்தையைத் தூக்கவே அஞ்சும் நிலைக்குக் கொண்டுசெல்லும் மனச்சோர்வு வேறு. பலருக்கு இது கர்ப்ப காலத்திலேயே பதற்றமாகத் தொடங்கிவிடுகிறது.

உடலின் ஹார்மோன் மாற்றம் என்று கூறி இதை முடித்துவிட இயலாது. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் 359 கிராமப்புறப் பெண்களிடம் கர்ப்பத்தின் இறுதியிலும் பிரசவத்திற்குப் பின்னரும் நடத்தப்பட்ட ஆய்வு 2002இல் வெளியானது. பிரசவத்திற்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானோர் 11 சதவீதம். காரணிகளாக அந்த ஆய்வு கண்டவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தமை, மாமியாருடனும் பெற்றோருடனும் பிணக்கு, கைக்கு உதவ ஆளின்மை. அதே ஆண்டு வெளியான கோவா ஆய்வில் 270 தாய்மாரில் 23 சதவீதத்தினர் பாதிக்கப்பட்டிருந்தனர். அங்கும் வறுமை, கணவனுடனான கசந்த உறவு, பெண் குழந்தை என்பவையே முன்வந்து நின்றன. வர்க்கமும் ஆணாதிக்கமும் பிரசவ அறைக்குள்ளும் நுழைகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அம்பேத்கரின் ராஜகிருகம் இதே தாதரில்தான் இருக்கிறது. ஆலைப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதாவை 1928இல் பம்பாய் சட்டசபையில் அவர் ஆதரித்துப் பேசினார். பிரசவத்திற்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். அச்செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்றும் வாதிட்டார். 1929இல் சட்டம் வந்தது. ஏறத்தாழ நூறாண்டு கழிந்த பின் நிலைமை என்ன? 2017இல் விடுப்பு 26 வாரமாக உயர்த்தப்பட்டது. ஆனால், கடைகளிலும் நிறுவனங்களிலும் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்கள் அச்சட்டத்திற்கு வெளியே நிற்கின்றன. தாராவியில் வீட்டிலிருந்தபடி அப்பளம் உருட்டுபவருக்கும், மாட்டுங்காவின் அடுக்ககங்களில் பாத்திரம் துலக்குபவருக்கும் விடுப்பு என்றால் கூலியிழப்பு. தலைப்பிரசவத்திற்குத் திருநெல்வேலிக்குச் சென்றவர் கைக்குழந்தையுடன் ஒற்றை அறைக்குத் திரும்பும்போது, அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை.

2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிகளுக்குக் குறைந்தது 6,000 ரூபாய் என்றது. ஒன்றிய அரசின் மாத்ரு வந்தனா திட்டமோ முதல் குழந்தைக்கு 5,000 ரூபாயாகச் சுருக்கிவிட்டது. இரண்டாவது குழந்தைக்குப் பணம் வேண்டுமானால் அது பெண்ணாகப் பிறக்க வேண்டும்!

நோய் தீரக்கூடியதே. பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில், மனச்சோர்வுக்கு ஆளான கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதார ஊழியர்கள் தொடர்ந்து சென்று பேசினர். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது அத்தாய்மாரில் 23 சதவீதத்தினரே மனச்சோர்வில் இருந்தனர். அப்பயிற்சி பெறாத ஊழியர்கள் சென்ற பகுதிகளில் 53 சதவீதம். 2008இல் வெளியான முடிவு இது. இங்கு 14416 என்ற இலவச எண்ணில் டெலி மானஸ் ஆலோசனை தமிழிலும் கிடைக்கிறது. ஆனால் தொலைபேசி கணவனின் கையில் இருக்கும் வீட்டில், வாசலுக்கு வரும் ஆஷா ஊழியரே முதல் துணை. அவரை இன்றும் அரசு தன்னார்வலர் என்றே அழைக்கிறது. ஊதியம் இல்லை, ஊக்கத்தொகை. இந்தப் புதிய பணியையும் கூலியின்றி அவர் தோளில் ஏற்ற முயன்றால் அதை எதிர்க்க வேண்டும். பயிற்சி, முறையான ஊதியம், தொழிலாளர் என்ற அங்கீகாரம் ஆகிய மூன்றையும் சேர்த்தே மாதர் அமைப்பும் தொழிற்சங்கமும் மாநகராட்சியிடம் கேட்க வேண்டும்.