நெருப்புக்கு அஞ்சி நஞ்சை அணைப்பதோ?

(சேரன்மகாதேவிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

  

பொதுக்கூட்ட மேடையேறி, மெத்தையைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே இவன் என்று சிலர் வியக்கக்கூடும். விலைவாசி இருக்கிறது, வேலையின்மை இருக்கிறது, கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் இருக்கிறது, மெத்தைக்கென்ன இப்போது அவசரம் என்று கேட்கக்கூடும். பொறுத்தருள்க. மெத்தையில் தொடங்கினாலும், பேச்சு அரசாங்கத்தில்தான் முடியும்.

அடுத்த ஊர் பத்தமடை. தாமிரபரணிக் கரையில் விளைந்த கோரையைக் கீறி, ஆற்று நீரில் ஊறவைத்து, சாயமேற்றிப் பாய் நெய்கிற ஊர். அந்தப் பாயில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கோரை, நூல், சாயம் என்று நெய்தவர் சொல்லிவிடுவார். கணக்கு முடிந்தது. இன்று நம் வீடுகளில் நுழைந்திருக்கும் நுரை மெத்தையில் என்ன இருக்கிறது? வாங்கியவருக்குத் தெரியாது. விற்றவருக்கும் தெரியாது. செய்தவருக்குத் தெரியும், அவர் சொல்வதில்லை. சொல் என்று அதட்டிக் கேட்க வேண்டிய அரசோ, வாய் திறப்பதில்லை!

நுரையும் பிளாஸ்டிக்கும் எண்ணெயின் பிள்ளைகள். தீப்பொறி பட்டால் குபுகுபுவென எரியும். அந்த வேகத்தைக் குறைக்க, புரோமின், குளோரின் கலந்த தீத்தடுப்பு வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். சூடேறியதும் புரோமின் வெளிப்பட்டு, தீ பரவும் தொடர்வினையை இடைமறிக்கிறது. நல்ல காரியந்தானே என்பீர்கள். கேளுங்கள். இவற்றுள் பல, பிளாஸ்டிக்கோடு பிணைந்து நிற்பதில்லை. வெறுமனே கலந்து கிடக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்லக் கசிந்து, வீட்டுத் தூசியில் சேர்கின்றன. தரையில் தவழும் குழந்தை அந்தத் தூசியைத் தொட்டு, அதே விரலை வாயில் வைக்கிறது. உடற்கொழுப்பில் தங்குவதால் தாய்ப்பாலிலும் கலக்கின்றன. இந்தியாவின் பல இடங்களில் தாய்ப்பாலைச் சோதித்து 2012-இல் வெளியான ஆய்வு, இப்பொருள்கள் அதில் இருந்ததைக் காட்டிற்று. தைராய்டுச் சுரப்பியின் வேலையைக் குலைப்பதோடு, கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சியையும் தாக்குகின்றன என்று, இவற்றுள் சிலவற்றைப் பற்றி ஆய்வாளர் எச்சரிக்கின்றனர்.

"அப்படியானால் தீப்பிடித்துச் சாவதா?" என்று எதிர்க்கேள்வி வரும். நியாயமான கேள்வி. 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் 94 பிஞ்சுகளைத் தீ தின்றதே, அதை மறந்த தமிழன் உண்டா? ஆனால், அந்தப் பிள்ளைகளைக் காத்திருக்கக்கூடியது எது? கூரையில் ஓலையில்லாத கட்டடம். தப்பி ஓட அகன்ற வழி. கடமை தவறாத அதிகாரி! தீயைத் தடுக்க வழிகள் பல. நஞ்சைப் பூசுவது ஒன்றே வழி என்பது, நஞ்சு விற்பவன் கட்டிவிட்ட கதை.

கதை என்று வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. அமெரிக்காவின் வரலாற்றைப் பாருங்கள்.

1973-இல் மிச்சிகன் மாநிலத்தில், ஒரு வேதித் தொழிற்சாலை தீத்தடுப்புப் பொருள் மூட்டைகளைக் கால்நடைத் தீவனச் சத்து மூட்டைகள் என்று மாற்றி அனுப்பிவிட்டது. மாடு தின்றது, பாலை மக்கள் குடித்தனர். ஏறத்தாழ 30,000 மாடுகளையும் 15 லட்சம் கோழிகளையும் அழிக்க வேண்டியதாயிற்று.

1977-இல் ஆர்லின் பிளம், புரூஸ் ஏம்ஸ் என்னும் இரு அறிவியலாளர், குழந்தைகளின் இரவு உடுப்பில் ஏற்றப்பட்ட 'ட்ரிஸ்' என்ற பொருள் மரபணுவையே மாற்றவல்லது என்று எழுதினர். அவ்வாண்டே அரசு தடை விதித்தது. தடை வந்ததும் வணிகன் என்ன செய்தான்? உடுப்புகளைக் கொளுத்தினானா? இல்லை தோழர்களே, கப்பலேற்றினான்! தன் நாட்டுக் குழந்தைக்கு ஆகாத உடுப்பை அயல்நாட்டுக் குழந்தைக்கு விற்றான். அந்த ஏற்றுமதியைத் தடுக்க 1978-இல் வேறொரு தடை வேண்டியிருந்தது. புரோமின் போட்ட ட்ரிஸ் போயிற்று; குளோரின் போட்ட ட்ரிஸ் அதன் இடத்துக்கு வந்தது. உடுப்பிலிருந்து அதுவும் விரட்டப்பட்டது. பின்னர் சோபாவின் நுரையில் குடியேறியது. அண்ணன் சிறைக்குப் போனான்; தம்பி கடைக்கு வந்தான்!

தீப்பாதுகாப்புக்குப் பாடுபடும் குடிமக்கள் என்று வேடமிட்ட ஓர் அமைப்பை, இப்பொருள்களைச் செய்யும் நிறுவனங்களே பணம் கொடுத்து நடத்தியதை, 2012-இல் 'சிகாகோ டிரிப்யூன்' ஏடு வெளிப்படுத்தியது. அதன்பின் 2013-இல் கலிபோர்னியா மாநிலம் தன் சோதனை முறையை மாற்றியது. இந்தப் பொருள்கள் இல்லாமலே சோபா அச்சோதனையில் தேறலாம் என்றாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நடந்ததை மறைப்பது நமக்கு அழகன்று. நிலைத்த நஞ்சுகளை ஒழிக்கும் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தை இந்தியா 2006-இல் ஏற்றது. 2018 மார்ச்சில் ஏழு வேதிப்பொருள்களைச் செய்வதும் விற்பதும் பயன்படுத்துவதும் தடை செய்யப்பட்டன; தீத்தடுப்புப் பொருள்கள் சில அவற்றுள் அடங்கும். 2020 அக்டோபரில் அமைச்சரவை அந்த ஏழையும் ஒப்பந்தத்தின்கீழ் ஏற்க ஒப்புதல் தந்தது. மின்னணுக் கழிவு விதிகள், மின் கருவிகளில் புரோமின் தீத்தடுப்புகளின் இரு குடும்பங்களை ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாதென்கின்றன. வரவேற்கிறோம்.

ஆனால், காலத்தைக் கணக்கிடுங்கள். மிச்சிகனில் மாடுகள் மடிந்தது 1973-இல். அந்த மூட்டையிலிருந்த ஹெக்சாபுரோமோபைபீனைல் நம் தடைப்பட்டியலில் ஏறியது 2018-இல். 45 ஆண்டுகள்! டெகா என்ற பொருளை உலக நாடுகள் 2017-லேயே ஒப்பந்தத்தில் சேர்த்தன. அடுத்த ஆண்டு வந்த நம் பட்டியலில் அது இல்லை. மின் கருவிக்கு வரம்பு உண்டு. அந்த வரம்பு மெத்தையைக் கட்டுப்படுத்தாது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் ஓடு உருக்கப்பட்டு, குழந்தையின் பொம்மையாக மறுபிறவி எடுக்கிறது. 26 நாடுகளில் வாங்கிய பொம்மைகளைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், பெரும்பாலானவற்றில் இந்நஞ்சு இருந்தது.

ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடுத்தால், தடுப்பவன் நடக்கிறான், தப்புபவன் பறக்கிறான். இவற்றைக் குடும்பம் குடும்பமாக மதிப்பிட முடியும் என்று 2019-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் அமைத்த குழு காட்டிற்று. 14 உட்பிரிவுகளாக வகுத்தும் தந்தது.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று.

ஒன்று: தீங்கற்றது என்று செய்பவன் மெய்ப்பிக்க வேண்டும், அதன்பின்பே சந்தை. ஐரோப்பா 2007 முதல் அந்த நெறியில் நடக்கிறது. நம் நாட்டிலும் வேதிப்பொருள் விதிகளுக்கு 2020-லேயே வரைவு எழுதினர். எழுதிய கை கையொப்பமிட ஏன் தயங்கிற்று?

இரண்டு: மெத்தையிலும் சோபாவிலும் பொம்மையிலும் சேர்த்த பொருளைத் தமிழில் சீட்டெழுதி ஒட்ட வேண்டும். கலிபோர்னியாவில் சோபாவுக்கு 2015-இல் அத்தகைய சீட்டைக் கட்டாயமாக்கினர்.

மூன்று: தனிப்பொருளாகத் தேடாமல், குடும்பமாக மதிப்பிட்டுக் குடும்பமாகத் தடுக்க வேண்டும்.

தோழர்களே! போபாலில் 1984-இல் ஆயிரமாயிரம் பேர் மாண்ட பிறகுதான், 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பிணத்தை எண்ணிய பிறகு பேனாவை எடுப்பது ஆட்சியாகுமா? தீங்கு உண்டு என்பதை, வாங்கிய ஏழை தன் பிள்ளையின் நோயால் மெய்ப்பிக்க வேண்டுமா?

பத்தமடைப் பாய் நெய்பவர் மூன்று சொற்களில் சொல்லிவிடுகிற கணக்கை, கோடிகளில் புரளும் ஆலை முதலாளியும் சொல்லட்டும். சொல்ல வைக்கும் வேலை நம்முடையது. ஊர்தோறும் இதைப் பேசுங்கள். கடைதோறும் இதைக் கேளுங்கள். கேள்வி பெருகினால் கோட்டையும் பதில் சொல்லும்!