இராயப்பர் யார், பேதுரு யார்?



யூபிலி விழாவில் பேச நமக்குத் தந்த பொருள் 'நம் சொற்கள்'. பெரிய பொருள். ஆகவே நம் வீடுகளில் வழங்கும் சில பெயர்களை மட்டும் பார்ப்போம்.

ஜூன் 29-ம் நாள் இராயப்பர் சின்னப்பர் திருநாள் என்பார்கள் நம் பாட்டிமார். ஞானோபதேசம் படிக்கும் பேரனோ பேதுரு பவுல் திருநாள் என்கிறான். திருநாள் நால்வருக்கா? இருவருக்குத்தான்.

அக்காலக் குருக்கள் இரண்டு வழிகளைக் கையாண்டார்கள். ஒன்று, காதில் விழுந்த ஓசையைத் தமிழ் நாவுக்கு இசையச் சொல்வது. போர்த்துக்கீசியரின் ஜோசே நமக்குச் சூசை ஆனது அப்படித்தான். மற்றொன்று, பெயரின் பொருளையே தமிழாக்குவது. பவுலுஸ் என்றால் இலத்தீனில் சிறியவர், எனவே சின்னப்பர். (அத்தனை நிருபம் எழுதியவருக்கு இந்தப் பெயர்!) யோவான் என்றால் எபிரேயத்தில் ஆண்டவர் அருள் கூர்ந்தார் என்று பொருள், எனவே அருளப்பர். இராயப்பர் கதை இன்னும் வேடிக்கை. பேதுரு கிரேக்கத்தில் பாறை. தெலுங்கில் ராயி என்றால் கல். அதிலிருந்து வந்தவர் இராயப்பர் என்று பொருள் சொல்வார்கள். தமிழில் கல் இல்லையா என்று கேட்கலாம். கல்லப்பர் என்றிருந்தால் நாமே சிரித்திருப்போம்! காமநாயக்கன்பட்டிப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளிலோ அந்தக் கல் சட்டென்று காதில் பட்டிருக்கும்.

பெயரை மொழிபெயர்ப்பது முறையா என்று கேட்போர் உண்டு. அவர்கள் யோவான் நற்செய்தி முதல் அதிகாரம் 42-ம் வசனத்தைப் பார்க்கட்டும். ஆண்டவர் சீமோனுக்கு இட்ட பெயர் கேபா. அது அரமேயச் சொல். அதைப் பேதுரு என்று கிரேக்கத்தில் பெயர்த்துச் சொன்னவர் நற்செய்தியாளரே அன்றோ?

பிற சபையாரோடு சேர்ந்து 1995-ல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு பேதுரு, பவுல், யோவான் என்றே எழுதியது. ஒரே ஊரார் ஒரே பெயரைச் சொல்வது நல்லதுதான். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய ஞானஸ்நான ஏட்டில் 'பெலவேந்திரன்' என்று கண்டால், அது அந்திரேயா என்று சொல்ல இன்று எத்தனை பேர் இருக்கிறோம்? ஏட்டில் அருளப்பன், பள்ளிச் சான்றிதழில் ஜான் என்று கிடந்தால், இருவரும் ஒருவரே என்று யார் சாட்சி சொல்வது? பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, குடும்பத்தாரின் இரண்டு பெயர்களையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கல்லறைக் கல்வெட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். மழையும் வெயிலும் அவற்றை நமக்கு முன்னே வாசித்துக்கொண்டிருக்கின்றன.

நம் மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1745 மே 14-ல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றார். இடப்பட்ட பெயர் லாசர். 'கடவுள் துணை செய்தார்' என்னும் அதன் பொருளைக் கொண்டு மக்கள் அழைத்தது தேவசகாயம். 2022 மே 15-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, லாசர் என்ற பெயருக்குப் பக்கத்திலேயே தேவசகாயம் என்ற பெயரும் உரோமையில் ஒலித்தது.