மண்ணில்லாமல் ஒரு பூந்தொட்டி

(மும்பை செம்பூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

காரியதரிசி என்னைக் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார். எனக்கு வேதாந்தம் தெரியாது. வருமான வரி பற்றிப் பேசினால் நீங்கள் எழுந்து காபிக்குப் போய்விடுவீர்கள். ஆகவே செடி பற்றிப் பேசுகிறேன்.

என் அகத்துக்காரி காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. ஹால் ஜன்னலோரம் அவள் வளர்த்த பீஸ் லில்லி ஒன்று இருந்தது. அதுவரை நான் அதற்கு ஒரு டம்ளர் ஜலம் விட்டதில்லை. அவள் போனபின், தினமும் ஸ்நானம் ஆனதும் ஒரு சொம்பு விடுவது வழக்கமாகிவிட்டது. நாலு மாசத்தில் இலை துவண்டது. தாகம் என்று நினைத்து இரண்டு சொம்பு விட்டேன். இன்னும் துவண்டது. புனேயிலிருந்து வந்த பெண் தொட்டியைக் கவிழ்த்தாள். வேரெல்லாம் பழுப்பாகிக் குழைந்து நாறியது. "அப்பா, நீங்க இதைப் பட்டினி போடலை, மூச்சு முட்ட வெச்சுட்டேள்" என்றாள்.

வேருக்கும் பிராணவாயு வேண்டும். மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்கிறது. ஓயாமல் தண்ணீர் விட்டால் காற்று வெளியேறி வேர் அழுகுகிறது. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. அதனால் தண்ணீர் குறைந்தாலும் இலை துவளும், அதிகமானாலும் துவளும். என் போன்றவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பெண் சொன்ன உபாயம், களிமண் உருண்டை. நர்சரியில் 'லேகா' என்று கேட்டால் தருவார்கள். களிமண்ணைச் சுமார் 1200 டிகிரி சூட்டில் சுழலும் சூளையில் சுட்டால், நம் அகத்துப் பொரி மாதிரி உப்பி, உள்ளே துளைகளோடு லேசாகிவிடும். துளையுள்ள உள்தொட்டியில் இதை நிரப்பி, ஓட்டையில்லாத வெளித்தொட்டிக்குள் வைத்து, அடியில் ஓர் அங்குலம் தண்ணீர் விட வேண்டும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் உருண்டைகள் ஈரத்தை மேலே இழுக்கும். இடுக்குகளில் காற்றும் இருக்கும்.

அழுகியதை வெட்டி எறிந்ததில் மூன்று கன்றுகள் மிஞ்சின. உருண்டைகளைத் தூசி போகக் கழுவி, ஒரு நாள் ஊறவைத்தோம். வேரில் ஒரு துளி மண் இல்லாமல் அலசினோம். மண் தங்கினால் மறுபடி அழுகும். நட்டபின் இரண்டு இலை மஞ்சளாயிற்று, நான் பதறினேன். மண்ணில் வளர்ந்த வேர்களில் சில போய், புது வேர் வந்த பிறகே செடி தேறும். அதற்குச் சில வாரம் பொறுமை வேண்டும். அதுவரை தண்ணீர் வேரைத் தொடாமல் கீழேயே நிற்கட்டும்.

உருண்டையில் சத்து எதுவும் கிடையாது. சாதாரண 19:19:19 உரம் போதுமென்று நினைத்தேன். அதில் கால்சியமும் மக்னீசியமும் இல்லை. நம் மும்பைக் குழாயில் வருவது ஏரித் தண்ணீர், அதிலும் உப்பு குறைவு. ஆகவே நுண்ணூட்டங்கள் சேர்ந்த ஹைட்ரோபோனிக்ஸ் உரமாக வாங்கி, சொன்ன அளவில் பாதி மட்டும் கலக்குங்கள். போர் தண்ணீர் உள்ள ஊர்களில் உருண்டைமேல் வெள்ளை உப்புப் படியும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை மேலிருந்து ஊற்றி அலசிவிட வேண்டும். ஆர்.ஓ. கழிவு நீரைச் சிக்கனம் என்று விட்டுவிடாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. டெங்கு கொசு சுத்தமான தண்ணீரிலும் முட்டையிடும்; ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். வாரத்தில் ஒரு நாள் தண்ணீரைக் கொட்டி, வெளித்தொட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாசம் பிழைத்திருக்கும். இதற்கு முடியாதவர்கள் மண்ணிலேயே வளர்ப்பது நல்லது.

துளசியை மாற்றலாமா என்று ஒரு மாமி வாசலிலேயே கேட்டார். துளசிக்கு வெயில் வேண்டும். அது பால்கனியில் மண்ணிலேயே இருக்கட்டும். மணி பிளான்ட், சிங்கோனியம், அக்லோனிமா இவையெல்லாம் சுலபமாக வரும். பத்து நாள் பிள்ளையிடம் போய்வந்தாலும் செடி தாங்கும். ஆறு மாசம் அமெரிக்கா போகிறவர்களுக்கு எதிராத்து மாமிதான் கதி.

மூன்று கன்றில் ஒன்று பிழைக்கவில்லை. ஒன்று ஜன்னலோரம் இருக்கிறது, போன மாசம் பூத்தது. இன்னொன்றை இங்கே கொண்டு வந்திருக்கிறேன். பெண்ணிடம் கேட்டுவிட்டேன், கொடுக்கலாம் என்றாள். வேண்டுமென்பவர் எடுத்துக்கொள்ளலாம், தினமும் சொம்போடு நிற்காதவராக இருக்க வேண்டும்.