பின்வரிசைக்கும் தெரிய எழுதுவோம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகளுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று நான் சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை. கூட்டங்களில் பெரிய தாளில் எழுதி ஒட்டுகிறோமே, அந்த எழுத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் கமிட்டிக் கூட்டம். கொழுந்து நிறுக்கும்போது ஒவ்வொரு நிறுவைக்கும் 1 கிலோ கூடுதலாகக் கழிக்கிறார்கள் என்று பெண்கள் சொன்னார்கள். தாளில் எழுதியவன் நான். அவசரத்தில் 1இன் தலையில் கொக்கி போட்டுவிட்டேன். அன்றிரவு அந்தத் தாளைப் பார்த்துக் கடிதம் எழுதிய தோழர் அதை 7 என்று எடுத்துக்கொண்டார். பேச்சுவார்த்தையில் துரை, "ஒரு நிறுவைக்கு 7 கிலோவா கழிக்கிறோம்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கடிதத்தில் இருந்த மற்ற நியாயங்களும் அதோடு அடிபட்டுப் போயின.

பிறகு ஒரு அக்கா என்னிடம் சொன்னார்: "தம்பி, நாங்க பின்னால இருந்தோம். நீங்க எழுதினது ஒண்ணுமே தெரியல. தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்போமே."

அதனால்தான் சொல்கிறேன். தாளில் இருப்பது கூட்டத்தின் பேச்சு. அதைச் சரிபார்க்கும் உரிமை கடைசியில் இருப்பவருக்கும் உண்டு.

எழுத்து இரண்டு விரல் அகல உயரமாவது இருக்கட்டும். தமிழில் புள்ளியும் இகர, ஈகரக் குறிகளும் மேலே போகும். கு, மு, ழு கீழே இறங்கும். ஆகவே வரிகளுக்கிடையே ஓர் எழுத்தளவு இடம் விடுங்கள். ஒரு தாளுக்கு ஏழெட்டு வரி போதும். காலும் ர-வும் ஒன்றுபோல் இருக்கக்கூடாது. ன-வுக்கும் ண-வுக்கும் சுழியைத் தெளிவாகப் போடுங்கள். 1 என்றால் நேர்கோடு. 7இன் நடுவில் ஒரு சிறு கோடு.

மார்க்கர் பேனாவின் முனை பட்டையாக இருந்தால், அதைக் கையில் சுழற்றாமல் ஒரே சாய்வில் பிடியுங்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்தால் எழுத்து சிறுத்துப்போகும். முழங்கையோடு சேர்த்து அசையுங்கள். எழுதுவதற்குக் கறுப்பு அல்லது நீலம். சிவப்பு கோடு போட மட்டும்.

அட்டைகளில் எழுதிப் பலகையில் குத்தும்போது, ஓர் அட்டைக்கு ஒரு விஷயம், மூன்று வரிக்கு மேல் வேண்டாம். "தண்ணீர்" என்று மட்டும் எழுதினால் நாளை யாருக்கும் விளங்காது. "மேல் லயத்துக்குத் தண்ணீர் வருவதில்லை" என்று எழுதுங்கள். பலகை இல்லாவிட்டால் பிள்ளைக் காம்பராவில் ஒரு கயிறு கட்டி, துணிக் கிளிப்பால் மாட்டலாம்.

சொன்னவரின் வார்த்தையையே எழுதுங்கள். சுருக்குவதானால் அவரிடம் கேட்டுச் சுருக்குங்கள். எழுதும்போது தாளை மறைத்து நிற்காதீர்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத மூத்தவர்களும் நம் அங்கத்தவர்கள்தான். அவர்களும் சந்தாக் கட்டுகிறார்கள். கடைசியில் தாளுக்கு இலக்கமும் திகதியும் போடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் முதல் வரியை எழுதியதும் நீங்களே கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து வாசிக்க முடியாவிட்டால் வெட்கப்படாமல் புதுத் தாள் எடுங்கள்.