அழிவைப் படமெடுத்தால் போதுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

பாலைவன ஏரி ஒன்று அழிந்துகொண்டிருக்கிறது. அதைப் படமெடுக்கப் போகலாமா? போகலாம். ஆனால் அழகோடு திரும்பிவிடாமல், காரணத்தையும் படத்தில் கொண்டு வர வேண்டும்.

தார் பாலைவனத்தின் கிழக்கு ஓரத்தில், ஜெய்ப்பூரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சாம்பர் ஏரி. இந்தியாவின் மிகப் பெரிய உள்நாட்டு உப்பேரி. 1990-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வெள்ளை உப்புப் படலம், இளஞ்சிவப்பு நீர், குளிர்காலத்தில் பூநாரைக் கூட்டம். கேமராவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதே ஏரியில் 2019 நவம்பரில் 18,000-க்கும் மேற்பட்ட பறவைகள் மாண்டன. காரணம் பொட்டுலிசம் என்னும் நச்சு நோய். அந்த நச்சு பறவையை முடக்கிக் கொல்கிறது. செத்த உடலில் நெளியும் புழுக்களைத் தின்ற பறவையும் சாகிறது. உடல்களை உடனே அகற்றினால்தான் சங்கிலி அறும்.

ஏரிக்கு நீர் தரும் மேந்தா, ரூபன்கர் ஆறுகளின் வழியில் தடுப்பணைகள் எழுந்தன. உப்புக்காக ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி உப்புநீரை உறிஞ்சின. ஆகவே, பறவையை மட்டும் எடுக்காதீர்கள். குழாயையும் வறண்ட ஆற்றையும் எடுங்கள். உப்பளத் தொழிலாளியை அனுமதி கேட்டு எடுங்கள். அதே இடத்தை அடுத்த பருவத்திலும் எடுத்து, தேதியைக் குறித்து வையுங்கள். செத்த பறவையைத் தொடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ராஜஸ்தான் ஏரி நமக்கெதற்கு என்று நெகிரி செம்பிலான் நேயர்கள் கேட்கலாம். நீலாய், சிரம்பான் வட்டாரத்தில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. வேறு தோட்டங்களில் கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது. கொடி படர்ந்த பழைய லயத்தைப் பார்த்தால் நம் பிள்ளைகள் கைப்பேசியை நீட்டுகிறார்கள். படம் அழகாகத்தான் இருக்கிறது. அங்கிருந்தவர்கள் ஏன் போனார்கள் என்பது அதில் இல்லை.

லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். ஏரிக்கு ஆறு எப்படியோ, லயத்துக்கு வேலை அப்படி.

இந்த வாரம் பழைய ஆல்பத்தை எடுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தோட்டத்தின் பெயர், ஆண்டு, நிற்பவர்களின் பெயர், எப்போது வெளியேறினார்கள், ஏன் என்று எழுதுங்கள். தாத்தா பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அவர்களுக்குப் பிறகு, அந்த முகங்களை அடையாளம் சொல்ல ஆளிருக்காது.