வியர்வையின் எடை

விளையாட்டு அறிவியலாளருக்கு இரண்டு வேலை. வகுப்பில் பாடம் நடத்த வேண்டும். மைதானத்தில் வீரரின் உடம்பைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கரான எச்.சி. பக் அந்தக் காலத்திலேயே இந்த இரட்டைப் பாதையில் நடந்தவர். 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனார். இன்றும் அதே இரட்டை வேலைதான். கருவிகள்தான் பெருகிவிட்டன.

அவற்றில் மிக எளியது எடை மெஷின். விலை குறைவு, பயனோ பெரிது. பயிற்சிக்கு முன் வீரரை நிறுத்தி எடை பார்ப்பார்கள். பயிற்சி முடிந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பார்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் வியர்வையாகப் போயிருக்கிறது. மூலனூர் என்ற ஊரில் நடக்கும் ஏலத்துக்கு வரும் பருத்தியில் ஈரம் எவ்வளவு என்று பார்ப்பதில்லையா, அந்த மாதிரிதான். இங்கேயும் கணக்கு ஈரத்துக்குத்தான்.

அறுபது கிலோ உள்ளவருக்கு ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தால் ஓட்டம் தளரத் தொடங்கும். ஒரே வெயில், ஒரே ஓட்டம். ஆனால் ஆளுக்கு ஆள் வியர்வை வேறு. அதனால் எல்லோருக்கும் ஒரே அளவுத் தண்ணீர் என்பது சரிவராது. எடையைப் பார்த்து, அவரவருக்கு அளவு சொல்ல வேண்டும். அளந்து சொல்வது அறிவியலாளர் வேலை; முடிவு பயிற்சியாளருடையது.

விளையாட்டு அறிவியல் படிப்புக்குச் சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எடை பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். மூலனூரில் கபடி ஆடும் பிள்ளைகளுக்கு வீட்டு எடை மெஷினே போதும்.